பி.ஏ. பொருளியல் வகுப்புக்கு இண்டர்னல் விதிகள்: முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்

புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கோ கௌரவ விரிவுரையாளருக்கோ முதல் நாள் கையில் கிடைப்பது மூன்றே பொருள்தான்: கால அட்டவணை, பாடத்திட்ட ஜெராக்ஸ், வருகைப் பதிவேடு. இண்டர்னல் (அக மதிப்பீட்டு மதிப்பெண்) எப்படிப் போடுவது, அசைன்மென்ட் தாமதமானால் என்ன செய்வது, பத்து நிமிடம் கழித்து வாசலில் வந்து நிற்கும் பையனை உள்ளே விடலாமா என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதில் பாதி "முகத்தைப் பார்த்து முடிவு பண்ணிக்கங்க" என்ற ரகம். முகத்தைப் பார்த்து முடிவு பண்ணினால் இரண்டாவது மாதமே "அவனுக்கு மட்டும் எப்படி சார்?" என்ற கேள்வி வந்து நிற்கும். அதனால் ஒரே ஒரு பக்கம் விதிகளை எழுதி முதல் வாரமே கொடுத்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும், ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு இணைப்புக் கல்லூரி ஒன்றில் அறுபது பேர் உட்காரும் பொருளியல் வகுப்பை மனதில் வைத்தே எழுதுகிறேன், தன்னாட்சிக் கல்லூரியில் இருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், எது உங்கள் கையில் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் அக மதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 25ஐத் தேர்வு, அசைன்மென்ட், செமினார், வருகை என்று எப்படிப் பிரிப்பது என்பதைப் பல்கலைக்கழகமோ உங்கள் துறையோ ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். 75 சதவீத வருகையும் அப்படித்தான், அதைத் தளர்த்தும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. இவற்றை மாற்றி எழுதப் போகாதீர்கள். எச்ஓடியிடம் (துறைத் தலைவர்) போய் இந்த ஆண்டின் விதிமுறைத் தாளை வாங்கிப் படியுங்கள். போன வருடத் தாள் வேண்டாம், பாடத்திட்டம் மாறும்போது இதுவும் சத்தமில்லாமல் மாறியிருக்கும்.

உங்கள் கையில் இருப்பது என்ன? அசைன்மென்ட் எப்படிப்பட்டது, எதற்கு எத்தனை மதிப்பெண், தாமதத்துக்கு என்ன, தேர்வைத் தவறவிட்டால் என்ன, திருத்திய தாளை எப்போது காட்டுவீர்கள், குறை சொல்ல எத்தனை நாள் தருவீர்கள், வகுப்பில் போன், மொழி. கேட்கச் சின்ன விஷயங்கள் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர் எதில் நேரம் செலவழிக்கிறார் என்பதை முடிவு செய்பவை இவைதான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு விதியும் ஏதோ ஒன்றுக்கு விலை வைக்கிறது. நாம் சொல்லிக்கொடுக்கும் பாடமே விலைக்கு ஆட்கள் எப்படி எதிர்வினை செய்கிறார்கள் என்பதைப் பற்றியது, அதனால் அதைப் படித்த பிள்ளைகள் நம் விதிக்கும் அப்படியே எதிர்வினை செய்தால் கோபப்படக் கூடாது.

தாமதம்

இதைத்தான் எல்லோரும் அவசரத்தில் எழுதுவார்கள்: "ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படும்." பார்க்க நியாயமாக இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை "ஆசிரியை காத்திருப்பாரே" என்று ஓடிவந்தவர்கள், காசைக் கொடுத்துவிட்டு நிதானமாக வந்தார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை.

நம் வகுப்பில் இதே கணக்கு எப்படி ஓடும்? அசைன்மென்டுக்கு 10, அதைக் கடைசியில் 5ஆகச் சுருக்குகிறீர்கள். அப்படியானால் ஒரு நாள் தாமதத்தின் உண்மையான விலை இண்டர்னலில் அரை மதிப்பெண். கல்யாண வீட்டு கேட்டரிங் வேலைக்குப் போனால் அன்றைக்குக் கையில் காசு வரும் பையனுக்கு அரை மதிப்பெண் மலிவு. அவன் கணக்கில் தப்பே இல்லை. மறுபக்கம், விதியைக் கறாராக்கி "தாமதமானால் பூஜ்ஜியம், மருத்துவச் சான்று இருந்தால் மட்டும் விலக்கு" என்று போட்டால் சான்று தயாரிக்கும் தொழில் பெருகும். உண்மையில் காய்ச்சல் வந்து ஒரு மாத்திரையோடு வீட்டில் படுத்திருந்தவளிடம் தாள் இருக்காது, நன்றாக இருந்தவனிடம் முத்திரையோடு இருக்கும்.

நான் சிபாரிசு செய்வது இது: ஒவ்வொரு மாணவருக்கும் செமஸ்டருக்கு இரண்டு தவணை உரிமை. ஒன்றைப் பயன்படுத்தினால் மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கும், காரணம் கேட்க மாட்டீர்கள், அவர்களும் சொல்ல வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயருக்கு நேராக ஒரு டிக். இரண்டும் தீர்ந்த பிறகு தாமதமானால் பாதி மதிப்பெண், ஒரு வாரம் தாண்டினால் இல்லை. காரணம் கேட்காத விதியில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, உங்களுக்கும் யார் சொல்வது உண்மை என்று துப்பறிகிற வேலை மிச்சம். பெரிய நோய், வீட்டில் சாவு போன்றவை வேறு, அவை இந்த உரிமைக்குள் வராது, டியூட்டரும் (வகுப்புப் பொறுப்பாசிரியர்) எச்ஓடியும் சேர்ந்து பார்க்க வேண்டியவை என்று அதே பத்தியில் எழுதிவிடுங்கள்.

அசைன்மென்ட்

வழக்கமான அசைன்மென்ட் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். "இந்தியாவின் வேலையின்மை" என்று ஒரு தலைப்பு, இருபது பக்கம், முதல் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா பார்டர், உள்ளே கைடிலிருந்தோ இப்போது ஏஐயிடமிருந்தோ எடுத்த பத்திகள். பக்கத்துக்கு மதிப்பெண் போட்டால் பக்கம்தான் வரும். பெங்ட் ஹோம்ஸ்ட்ராமும் பால் மில்க்ரோமும் 1991இல் எழுதியது இதைத்தான்: ஒரு வேலையில் பல பகுதிகள் இருந்து, அதில் அளக்க எளிதானதற்கு மட்டும் பரிசு வைத்தால் மற்றவை கவனிப்பாரற்றுப் போகும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஆசிரியர் வேலையும் ஒன்று.

ஆகவே காப்பியைத் தடுக்கிற விதியை விட, காப்பியடித்தால் பிரயோசனமில்லாத கேள்வியை யோசிப்பதில் நேரம் செலவிடுங்கள். நுண்ணியல் பொருளியலுக்கு நன்றாக வேலை செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். பதிவு எண்ணின் கடைசி இலக்கப்படி ஆளுக்கொரு காய்: 0 என்றால் தக்காளி, 1 சின்ன வெங்காயம், 2 கத்தரி, 3 முருங்கை, இப்படி 9 வரை. நான்கு வாரம், வாரம் ஒரே கிழமை, பக்கத்து உழவர் சந்தை விலைப் பலகையில் உள்ள விலையையும் தெருவில் வண்டிக்காரர் சொல்லும் விலையையும் குறித்து வர வேண்டும். உழவர் சந்தை இல்லாத ஊரில் ஏதாவது இரண்டு கடைகள் போதும். பிறகு இரண்டே பக்கம், கையால்: விலை அட்டவணை, ஒரு வரைபடம், விலை ஏறியதற்கோ இறங்கியதற்கோ அளிப்புப் பக்கமா தேவைப் பக்கமா காரணம் என்று ஒரு வாதம், இரண்டு இடத்து விலைக்கும் ஏன் வித்தியாசம் என்று ஒரு பத்தி.

இதை ஏஐ எழுதித் தரலாம், ஆனால் விலையைப் போய்ப் பார்த்து வராது. விலையை இட்டுக்கட்டினாலும் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் அறுபது பேரில் ஆறேழு பேருக்கு ஒரே காய் வரும், அந்த ஆறேழு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தனியாக நிற்பது எது என்று தெரிந்துவிடும். முருங்கைக்காய் விலை மழை மாதத்தில் எகிறுவதை நேரில் குறித்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு அளிப்பு வளைகோடு இடப்பக்கம் நகர்வதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏஐ பற்றி விதியில் ஒரு வரி போதும்: "எதைப் பயன்படுத்தினாலும் சரி, சமர்ப்பிக்கும் அன்று உங்கள் தாளிலிருந்து ஒரு கேள்வி வாய்மொழியாகக் கேட்பேன், 10இல் 3 அதற்கு." அறுபது பேரிடம் தலைக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு மணி நேர வகுப்பில் முடிந்துவிடும். ஏஐ எழுதியதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள், அவை தப்பாகவும் சொல்லும்.

குழு செமினார் வைக்கிறீர்கள் என்றால் ஐந்து பேரில் ஒருத்தி வேலை செய்து நான்கு பேர் மேடையில் நிற்பார்கள், இலவசப் பயணி சிக்கல் என்று நாமே பாடம் நடத்துகிறோம். மூன்று பேர் குழுவாக வைத்து, 10இல் 6 குழுவுக்கு, 4 தனி ஆளிடம் கேட்கும் கேள்விக்கு என்று பிரித்துவிடுங்கள். யாரிடம் எந்தப் பகுதியிலிருந்து கேட்பீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

வரைபடத்துக்கும் கணக்குக்கும் எப்படி மதிப்பெண் போடுவது

பொருளியல் தாள் திருத்துவதில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே இதை மட்டும் உதாரணத்தோடு எழுதிக் கொடுங்கள். ஒரு 10 மதிப்பெண் கேள்வி எடுத்துக்கொள்வோம்: "தொடர் மழையால் வெங்காய விளைச்சல் பாதிக்கப்படுகிறது. சந்தை விலைக்கும் விற்பனை அளவுக்கும் என்ன ஆகும்? வரைபடத்துடன் விளக்குக." இதற்கு அச்சுகளில் விலை, அளவு என்று குறிப்பதற்கு 1, தொடக்கத் தேவை, அளிப்பு வளைகோடுகளுக்கும் சமநிலைப் புள்ளிக்கும் 2, அளிப்பு வளைகோட்டை இடப்பக்கம் நகர்த்துவதற்கு 2, புதிய சமநிலையைக் குறிப்பதற்கு 1, விளக்கத்துக்கு 4. இதை அப்படியே கரும்பலகையில் எழுதி, ஒரு மாதிரி விடையை அவர்கள் கண்முன்னேயே திருத்திக் காட்டுங்கள்.

பாதிப் பேர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அளிப்பைச் சரியாக நகர்த்திவிட்டு, "விலை ஏறியதால் தேவை குறைந்தது" என்று தேவை வளைகோட்டையும் இடப்பக்கம் தள்ளிவிடுவார்கள். வளைகோட்டின் மேலேயே நகர்வதும் வளைகோடே நகர்வதும் வேறு வேறு என்ற புரிதல்தான் இந்தக் கேள்வியின் உயிர். ஆகவே இதற்கு எத்தனை குறைப்பீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள். நான் 3 குறைப்பேன், 1 குறைத்தால் அடுத்த தேர்விலும் அதே தவறு வரும். கோடு வளைந்து போனதற்கும், ஸ்கேல் வைத்து வரையாததற்கும், பென்சிலுக்குப் பதில் பேனா பிடித்ததற்கும் குறைக்கவே மாட்டேன்.

கணக்கில் இன்னொரு கண்ணி. "விலை 20 ரூபாயிலிருந்து 25 ஆகும்போது தேவை அளவு 100லிருந்து 80 ஆகிறது, விலை நெகிழ்ச்சி என்ன?" சாதாரண சதவீத முறையில் போட்டால் அளவு 20 சதவீதம் குறைகிறது, விலை 25 சதவீதம் ஏறுகிறது, விடை 0.8 (கழித்தல் குறியை விட்டுவிட்டால்), அதாவது நெகிழ்ச்சி குறைந்த தேவை (விலை மாறும் விகிதத்தை விடத் தேவை குறைவாக மாறுகிறது). நடுப்புள்ளி முறையில் போட்டால் பழைய, புதிய எண்களின் சராசரியால், அதாவது 20ஐ 90ஆலும் 5ஐ 22.5ஆலும் வகுக்க வேண்டும், இரண்டும் 22.2 சதவீதம், விடை சரியாக 1. மொத்தச் செலவு முறையில் பார்த்தாலும் 20 பெருக்கல் 100, 25 பெருக்கல் 80, இரண்டுமே 2000, எனவே 1. ஒரே கேள்விக்கு இரண்டு விடை, இரண்டுமே புத்தகத்தில் உள்ள முறை. எந்த முறை என்று கேள்வியில் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கணக்கின் முதல் படியில் கூட்டல் தப்பாகி, அந்தத் தப்பான எண்ணை வைத்து மீதியைச் சரியாகச் செய்தவருக்கு முதல் படிக்கு மட்டும் குறைக்க வேண்டும், இதுவும் தாளில் இருக்கட்டும்.

மொழி: தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலிருந்தும் வந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பல்கலைக்கழகம் அனுமதிக்கும் மொழி எதுவானாலும் இண்டர்னலிலும் அனுமதி உண்டு என்று எழுதுங்கள். "சமநோக்கு வளைகோடு" என்றும் எழுதலாம், "இன்டிஃபரன்ஸ் கர்வ்" என்று தமிழ் எழுத்திலும் எழுதலாம். எழுத்துப்பிழைக்குக் குறைக்க நாம் மொழிப் பாடம் எடுக்கவில்லை.

வகுப்பில் முதல் மார்க் எடுத்தவரை 100 என்று வைத்து மற்றவர்களுக்கு அதை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் யோசனை சிலருக்கு வரும், தேர்வு கடினமாக அமைந்துவிட்டால் அது வசதிதான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி வகுப்புகள் சிலவற்றில் இந்த விதி இருந்தது. 2012 டிசம்பரில் அந்த மாணவர்கள் கூடிப் பேசி ஒருவர்கூடத் தேர்வு எழுதாமல் வெளியே நின்றார்கள். எல்லோரும் பூஜ்ஜியம், அதனால் அதுவே அதிகபட்சம், எல்லோருக்கும் ஏ. பேராசிரியர் சொன்ன விதிப்படி கொடுத்துவிட்டு, பிறகு விதியை மாற்றினார். ஆட்டக் கோட்பாடு நடத்தும்போது அருமையான உதாரணம், ஆனால் நம் வகுப்பில் அது நடக்காது, நடப்பது வேறு: நோட்ஸைப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒப்பீட்டு மதிப்பெண் வேண்டாம்.

வருகை, தாமத வரவு, போன்

90 வேலை நாள் கொண்ட செமஸ்டரில் 75 சதவீதம் என்றால் 68 நாள், மீதி 22 நாள். இந்த 22ஐ மாணவர்கள் உங்களுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள், அதைக் கோட்டா மாதிரி செலவழிப்பார்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மாதக் கடைசியில் ஒவ்வொருவரின் சதவீதத்தையும் அவரவரிடம் சொல்வது. பெரிய வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியலாகப் போடாதீர்கள். செமஸ்டர் முடிவில் "எனக்குத் தெரியாது மேடம்" என்று அழுதுகொண்டு நிற்கும் ஐந்தாறு பேரில் நான்கு பேர் இதனாலேயே தப்பித்துவிடுவார்கள். என்எஸ்எஸ், விளையாட்டு என்று ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று கெடு வையுங்கள்.

முதல் மணி நேரத்தில் தாமதமாக வருபவரை வெளியே நிறுத்தாதீர்கள். கிராமத்திலிருந்து ஒரே ஒரு டவுன் பஸ்ஸை நம்பி வருபவர்கள் உண்டு, பஸ் வராததற்கு அவர்களைத் தண்டித்து என்ன சாதிக்கப் போகிறோம். "பத்து நிமிடம் வரை வருகை உண்டு, அதற்குப் பிறகு வந்தால் சத்தமில்லாமல் உட்காரலாம், அந்த மணிக்கு வருகை கிடையாது, பஸ் பிரச்சினை என்றால் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்." இவ்வளவுதான் விதி.

போன் பையில் இருக்கட்டும். ரிசர்வ் வங்கித் தளத்தில் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) பார்ப்பது போன்ற நாட்களில் மட்டும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துக் கொடுப்பதெல்லாம் வேண்டாத வம்பு.

தேர்வைத் தவறவிட்டவர்கள்

மூன்று தேர்வில் சிறந்த இரண்டு என்ற முறை உங்கள் கல்லூரியில் இருந்தால் மறுதேர்வே வைக்காதீர்கள், விட்டுப்போனது அந்த மூன்றாவதாகக் கணக்காகிவிடும். ஆனால் முதல் இரண்டில் நன்றாக எழுதியவர்கள் மூன்றாவதற்கு வர மாட்டார்கள், கடைசி இரண்டு யூனிட்டையும் அவர்கள் தொடாமலேயே செமஸ்டர் தேர்வுக்குப் போவார்கள். அதைச் சமாளிக்க அசைன்மென்டில் ஒன்றைக் கடைசி யூனிட்டிலிருந்து கொடுத்தால் போதும்.

இண்டர்னலை ஆயுதமாக்காதீர்கள்

"இண்டர்னல்ல கை வச்சிருவேன்" என்ற வாக்கியம் எந்தக் கோபத்திலும் வாயிலிருந்து வரக் கூடாது. எதிர்த்துப் பேசியது, சட்டை நிறம், வாழ்த்துச் சொல்லாதது எதுவும் அந்த 25க்குள் வராது என்று நீங்களே உங்கள் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாணவர்கள் அந்த வரியைத்தான் இரண்டு முறை படிப்பார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, எல்லோருக்கும் 22, 23 என்று அள்ளிக் கொடுப்பது. பாவம் பிள்ளைகள் என்று தோன்றும், துறைத் தேர்ச்சி விகிதமும் கூடும் என்று மேலிருந்து ஒரு ஜாடை வரும். ஆனால் செமஸ்டர் தேர்வில் 75க்கு 30 தனியாக வாங்கியே ஆக வேண்டும் என்ற விதி உள்ள பல்கலைக்கழகத்தில், இண்டர்னல் 23ம் எழுத்துத் தேர்வில் 24ம் வாங்கியவள் மொத்தம் 47 வைத்துக்கொண்டு அரியர்தான் எழுதுவாள். நீங்கள் கொடுத்த 23 அவளைக் காப்பாற்றவில்லை, இரண்டு மாதத்துக்கு முன்பே 12 என்று காட்டியிருந்தால் ஒருவேளை படித்திருப்பாள். உழைத்தவளுக்கும் 23, உழைக்காதவளுக்கும் 23 என்றால் அடுத்த செமஸ்டரில் உழைத்தவளும் விலகிவிடுவாள்.

திருத்திய தாளை ஒரு வாரத்துக்குள் கொடுங்கள். குறை இருந்தால் இரண்டு நாளுக்குள், எந்தக் கேள்வி, ஏன் என்று இரண்டு வரி எழுதித் தாளோடு திருப்பித் தர வேண்டும், வராந்தாவில் நின்று கேட்டால் பேச்சு இல்லை. அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி படியுங்கள், கூட்டல் தவறு என்றால் அங்கேயே திருத்திக் கொடுங்கள். மறுபார்வையில் மதிப்பெண் குறையும் என்று மிரட்டி வைத்தால் கூச்சப்படும் பிள்ளைகள் வரவே மாட்டார்கள், சண்டைக்காரர்கள் எப்படியும் வருவார்கள்.

எழுதி முடித்ததும் பக்கத்தை எச்ஓடியிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள், பின்னால் பெற்றோர் வந்து கேட்டால் நீங்கள் தனி ஆளாக நிற்க வேண்டியதில்லை. தமிழில் அடித்து வகுப்பில் வாசித்து, கேள்வி கேட்க ஒரு பதினைந்து நிமிடம் கொடுங்கள். நடுவில் விதியைத் தளர்த்த வேண்டி வந்தால் எல்லோருக்கும் சேர்த்துத் தளர்த்தலாம், கறாராக்குவதை அடுத்த செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, இண்டர்னலை இணையத்தில் ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்பு ஒவ்வொருவரிடமும் அவர் மொத்தத்தையும் அதன் பிரிவுகளையும் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்த பிறகு 12ஐ 21 என்று திருத்த வேண்டுமானால் கடிதம், முதல்வர் கையெழுத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறை என்று ஒரு மாதம் ஓடிவிடும்.